மிக்கேல் மேஸ்திரியின் கரண்டுப்புரை: பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் வாட்ஸ்அப்பில் வந்த ஓர் அழைப்பிதழ். ஜனவரி கடைசியில் சித்தி மகன் அனுப்பியிருந்தான். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இடிந்து கிடந்த பழைய மின்சாரக் கொட்டகையைச் சீர்செய்து, நினைவுக்கல் வைத்து, சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். ‘நம் மலைக்கு முதன்முதலில் நீர்மின்சாரம் தந்த பெருமகனார்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஒரு வெள்ளைக்காரத் துரையின் படம். மீசை, தொப்பி, காலடியில் ஒரு நாய். நாயின் பெயரைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.

அந்தக் கொட்டகையை எழுப்பி, சக்கரத்தை நிறுத்தி, முதல் விளக்கை எரியவிட்டவர் என் அம்மாவின் அப்பா, மிக்கேல் மேஸ்திரி. எங்கள் ஊரில் தாத்தாவைப் பாட்டா என்போம். பாட்டாவின் பெயர் அழைப்பிதழில் எங்கும் இல்லை.

அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவிலில் தனியாக இருக்கிறார். போன் செய்தபோது அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அழவில்லை. “கல்லு வைக்கதுக்கு முன்ன போணும் மக்ளே. அப்பா பேர அதுல போட வைக்கணும். நீ வாறியா, இல்ல நான் ஒத்தைக்குப் போவட்டா?” என்றார். பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை போனோம். அருவி, குளியல், மீன் பொரிப்பு என்று இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்கள் மன்னிக்கவும். இதில் மூன்றுமே இல்லை.

கிளம்புவதற்கு முன் பாட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். மீன்பிடிக்கிற குடும்பம். பதினாறு பதினேழு வயதில் கொழும்புக்குப் போனவர், இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலை ஆலையில் எடுபிடியாகச் சேர்ந்திருக்கிறார். ஆலையின் இயந்திரங்கள் ஓடியது ஓடைத் தண்ணீரில். மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் கிண்ணம் கிண்ணமாக வார்த்த ஓர் இரும்புச் சக்கரத்தில் அடிக்கும், சக்கரம் சுற்றும், அதோடு கட்டின டைனமோவும் சுற்றும். மீன் பிடிக்கப் பிறந்த பையன் அந்தச் சக்கரத்தின் முன்னால் பத்து வருடம் உட்கார்ந்திருந்தான். ஊருக்குத் திரும்பியபோது எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓர் ஓடையைப் பார்த்து அதில் எத்தனை விளக்கு எரியும் என்று சொல்லத் தெரியும்.

சுதந்திரத்துக்குச் சில வருடங்கள் முன்பு இந்த எஸ்டேட் துரை அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். துரைக்கு பங்களாவில் விளக்கு வேண்டும், ரப்பர் ஷீட் அடிக்கும் இயந்திரம் ஓட வேண்டும். பாட்டா ஓடையைத் தேடினார், சானல் என்கிற வாய்க்கால் வெட்டினார், குழாய் இறக்கினார், கொட்டகை கட்டினார். மலையில் அதற்குக் கரண்டுப்புரை என்று பெயர். பங்களாவில் விளக்கு எரிந்தது, ஆபீஸில் எரிந்தது, சிற்றாலயத்தில் எரிந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மட்டும் கம்பி போகவில்லை. மாவட்டத்தில் இதுதான் முதலாவதா என்று என்னால் சொல்ல முடியாது. அவர் முதலாவது என்றுதான் சாகும்வரை சொன்னார். பாட்டி மலைக்காய்ச்சலுக்குப் பயந்து மேலே போகவே இல்லை. அம்மா சின்னப் பிள்ளையாக ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். பிறகு அரசாங்கக் கரண்டு வந்தது, துரை கப்பலேறினார், பாட்டா கடற்கரைக்கு இறங்கி வந்து படகு இன்ஜின் பழுதுபார்த்துச் செத்தார். ஊரில் அவரைக் ‘கரண்டு மிக்கேல்’ என்று கிண்டல் செய்வார்கள். மண்ணெண்ணெய் விளக்கு எரிகிற வீட்டில் இருந்துகொண்டு அப்படிப்பட்ட பெருமை பேசினால் கிண்டல் செய்யாமல் என்ன செய்வார்கள்?

சரி, வழி. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து காலை 6.40க்குக் குலசேகரம் பேருந்து. ஆளுக்கு 32 ரூபாய். மகளிர் இலவசப் பேருந்துக்காகக் காத்திருக்கலாம் என்றேன், அம்மா ஏறிவிட்டார். ஒன்றரை மணி நேரம். குலசேகரத்தில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம், கட்டன் சாயாவோடு இருவருக்கும் 110 ரூபாய். அங்கிருந்து ஜீப். மேலே போய் வர 1,800 ரூபாய், காத்திருப்பும் சேர்த்து. நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறை அணை நாற்பத்து மூன்று கிலோமீட்டர். அதற்கு மேல் எஸ்டேட் வரை பதினொன்று. அந்தப் பதினொன்றுக்கு மட்டும் ஐம்பது நிமிடம் ஆனது என்றால் சாலையின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஜீப் ஓட்டியவர் ஷாஜி. முப்பது வயது இருக்கும், மஸ்கட்டில் ஆறு வருடம் டிரைவராக இருந்தவர். “டீச்சருக்குக் காலு வேதனை ஒண்ணும் இல்லையே? மேல கொஞ்சம் நடக்கணும் கேட்டியளா,” என்றார். அம்மா, “நீ வண்டிய மெதுவா விடு மக்கா, நடக்கது நான் பாத்துக்கிடுதேன்,” என்றார். அணைக்கரையில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார் ஷாஜி. எல்லாரும் எடுப்பார்களாம். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கி, கரையில் சிவப்பு மண் வரிவரியாகத் தெரிந்தது. அம்மா இறங்கவில்லை. மடியில் துணிப்பைக்குள் பாட்டாவின் ஒரே புகைப்படம் இருந்தது, சட்டமிட்டது. கல் வைக்கிற இடத்தில் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தார்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் ஆதார் அட்டை காட்டி, பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதன்பின் ரப்பர், ரப்பர், ரப்பர்தான். சிரட்டை கட்டின மரங்களுக்கு நடுவே பத்தரை மணிக்கு எஸ்டேட் போய்ச் சேர்ந்தோம்.

கரண்டுப்புரை என் கற்பனையைவிடச் சின்னது. எங்கள் வீட்டு அடுக்களையும் முன்னறையும் சேர்ந்தால் அவ்வளவுதான் இருக்கும். கருங்கல் சுவர், புதிதாகப் போட்ட நீலத் தகடுக் கூரை. உள்ளே சக்கரம் இருந்தது. அதற்குச் சில்வர் பெயிண்ட் அடித்து, முன்னால் கயிறு கட்டி ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தார்கள். அம்மா கயிற்றைத் தாண்டிப் போய் ஒரு கிண்ணத்துக்குள் கையை வைத்தார். யாரும் தடுக்கவில்லை.

வாசலில் கல் தயாராக நின்றது. ஒருவர் அதன்முன் உட்கார்ந்து எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். துரையின் பெயர் முடிந்துவிட்டது. விழாக் குழுவின் பொறுப்பாளர் தங்கப்பன் எங்களை வரவேற்று நாற்காலி போட்டார். அதே எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார். அம்மா படத்தை எடுத்து நீட்டி விஷயத்தைச் சொன்னதும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

“நான் இல்லேன்னு சொல்லல்ல டீச்சரே. எத்தனையோ மேஸ்திரிமாரு இருந்திருப்பாவ. கல்லுல பேரு போடணும்னா ஒரு சாட்சி வேணும்லா? மேல செட்டில்மென்ட்ல பழைய குடும்பங்க உண்டு. அதுல ஒருத்தராவது, ‘ஆமா, மிக்கேல்னு ஒரு ஆளு உண்டு, அவருதான் இத செய்தாரு’ன்னு சொல்லட்டும். நாளைக்கு யாரும் என்னக் கேள்வி கேக்கப்பிடாது பாத்தியளா. துரைக்க பேருக்குக் கீழ இடம் கிடக்கு. கல்லு கொத்துத இவன் வைகிட்டு நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பான்.”

துரைதான் செய்தார் என்பதற்கு என்ன சாட்சி என்று நான் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார். அவருக்குச் சண்டை வேண்டாம், பெயர் வேண்டும். தங்கப்பன் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச காரியமாக்கும்,” என்றார்.

எனவே மேலே போனோம். தங்கப்பன் சொன்ன செட்டில்மென்ட், காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பு, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். முக்கால்வாசி தூரம் ஜீப் போகும், மிச்சம் நடை. ஏற்றத்தில் அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். வழியில் ஒரு மரப்பாலத்தைக் கடந்தோம். கீழே ஓடை என்று சொல்லப்பட்டதில் வெறும் உருண்டைக் கல்லும் சருகும்தான். வெயில் காலம் இப்படித்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

முதல் வீட்டில் ஒரு பெண் முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெயர் ராஜம்மை, நாற்பத்தைந்து வயது சொல்லலாம். கீழே எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டுகிற வேலை. அன்றைக்கு வெட்டை முடித்துவிட்டு வந்திருந்தார். எங்களை உட்காரவைத்து, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். அம்மா, பழக்க தோஷத்தில் வகுப்பறைக் குரலில், “இங்க பண்டு கரண்டுப்புரை கெட்டின மிக்கேல் மேஸ்திரின்னு ஒருத்தரக் கேள்விப்பட்டிருக்கியளா?” என்றார்.

“மிக்கேலா?” ராஜம்மை நிமிர்ந்தார். “கள்ளச்சானல் மிக்கேலா?”

அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது. நான் பார்த்துவிட்டேன்.

ராஜம்மைக்கு நாங்கள் யார் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நாங்கள் கடந்துவந்த ஓடைதான் இவர்களுடையது. அதை நம்பித்தான் கீழே நெல்லும் வாழையும் இருந்தன. மிக்கேல் வந்து ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கி, மலையின் விலாவைச் சுற்றிச் சானல் வெட்டித் தண்ணீரை மறுபக்கம் கொண்டுபோய்விட்டார். சக்கரம் தண்ணீரைக் குடிப்பதில்லை, உண்மைதான். சுற்றிவிட்டு அப்படியே வெளியே விட்டுவிடும். ஆனால் அது வெளியே விட்டது மலையின் அந்தப் பக்கத்தில், எஸ்டேட்டுக்குள். இந்தப் பக்கத்து ஓடைக்கு அது திரும்பவே இல்லை. மழைக்காலத்தில் வழிந்து வரும், மாசி பங்குனியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நாலைந்து குடும்பங்கள் அப்போதே வேறு மலைக்குப் போய்விட்டன.

“எங்க தாத்தன்மாரு போயி காலு பிடிச்சாவளாம். ராத்திரி வெளக்குக்கு எடுத்துக்க, பகல்ல எங்களுக்கு விட்டுத் தா, ஊழம் வச்சு, முறை மாத்தி எடுக்கலாம்னு. அவரு என்ன சொன்னாருன்னு எங்க அம்மை சொல்லும் கேட்டியளா. ‘தண்ணிக்கு யாருலே சொந்தக்காரன்? கடலுக்கு ஆள் உண்டா? நானும் போறேன், நீயும் போற, கிடைச்சது கிடைச்சவனுக்கு’ன்னாராம். கல்ல எடுத்துப் போட்ட ஆளுவள எஸ்டேட் வாச்சர் கெட்டி வச்சு அடிச்சான். மறுநாளு காலத்த மம்பட்டியோட வந்து கல்ல அடுக்குனது மிக்கேலாக்கும்.”

“துரை ஒண்ணும் சொல்லலியா?” என்றேன்.

“துரைய நாங்க கண்டதே இல்லையே. மேல ஏறி வந்தது மிக்கேலுதான்.”

அம்மா மெதுவாகச் சொன்னார்: “அப்பா சொல்லுத வார்த்தைதான் அது. கடலுக்கு ஆள் உண்டாங்கது. வீட்டுலயும் சொல்லுவாரு.”

ராஜம்மைக்கு அப்போதுதான் நாங்கள் யார் என்று புரிந்தது. என் பாட்டா பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கடற்கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் அப்படித்தான். கடலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் எவன்? இந்த மாவட்டத்தில் எந்த வயற்காரனும், எந்த மலைக்காரனும் செய்யாத தப்பு அது. வயலில் பிறந்த ஒருவன் அந்தச் சானலை வெட்டியிருந்தால், திருடுகிறோம் என்று தெரிந்தாவது திருடியிருப்பான். இவர் திருடுகிறோம் என்றுகூடத் தெரியாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திருடியிருக்கிறார்.

அம்மா மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கல்லைப் பற்றி, பெயரைப் பற்றி, தங்கப்பன் கேட்ட சாட்சியைப் பற்றி எல்லாவற்றையும் ராஜம்மையிடம் சொன்னார். ராஜம்மைக்குக் கோபம் வரவில்லை, சலிப்புதான் வந்தது. “போடுங்க அம்மா, எனக்கென்ன. அவருதான் செய்தாருன்னு நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். எங்க தண்ணி போனதயும் அந்தக் கல்லுல போடுவாவளா?” என்றார். பிறகு எழுந்து, “வாருங்க, சானலக் காட்டுதேன்,” என்று கூட்டிப்போனார்.

பார்த்தோம். பிறகு கீழே இறங்கினோம்.

மூன்று மணிக்குக் கரண்டுப்புரையில் தங்கப்பன் எழுந்து வந்தார். ஷாஜி முந்திக்கொண்டு, மேலே சானலுக்கே மிக்கேல் பெயர்தான் என்று சொல்லிவிட்டார். முன்னால் என்ன சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதை நல்லவேளை விட்டுவிட்டார். தங்கப்பனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். “அப்பம் பிரச்சினையே இல்ல டீச்சரே. சாட்சி ஆச்சு. ‘உதவி: மிக்கேல் மேஸ்திரி’ன்னு போட்டுருவோம்.” எழுத்து வெட்டுகிறவர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கோடு போடவே ஆரம்பித்துவிட்டார்.

அம்மா அவரை நிறுத்தச் சொன்னார். “உதவின்னே போடுங்க, பரவாயில்ல. ஆனா அதுக்கு மேல இன்னொரு வரி வேணும். ‘இந்த வெளிச்சத்துக்கு மேல்குடியிருப்புக்காரங்களுக்க ஓடைத் தண்ணி எடுக்கப்பட்டது.’ அவ்வளவுதான். யாரையும் குத்தம் சொல்லாண்டாம்.”

“அதெல்லாம் கல்லுல போடுவாவளா டீச்சரே? தெறப்பு விழாவுக்கு எஸ்டேட் மேனேஜரு வாறாரு.”

“அப்பம் எங்க அப்பாக்க பேரும் வேண்டாம்.”

தங்கப்பன் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எழுபத்தேழு வருடத்தில் இந்த மனுஷி ஆசைப்பட்ட ஒரே ஒரு விஷயம், சுண்ணக்கட்டிக் கோடாக அங்கே இருந்தது. அவர் புகைப்படத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

ஜீப்பில் சண்டை போட்டேன். நாயின் பெயர்கூடப் போட்டிருக்கிறார்கள், பாட்டா நாயைவிடக் கேவலமா என்று கத்தினேன். உத்தரவு போட்டவனுக்குப் புகழ், மண்வெட்டி பிடித்தவனுக்குப் பழி, அந்தக் கணக்குக்கு நீயும் கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டேன். ஷாஜி கண்ணாடியில்கூட எங்களைப் பார்க்காமல் ஓட்டினார். அணை வந்தது. பிறகு, “அப்பா இருந்தா என்னைய அடிச்சிருப்பாரு,” என்றார் அம்மா. அப்போதுதான் அழுதார்.

எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அம்மா செய்தது சரி என்று ராத்திரியில் தோன்றும், காலையில் தோன்றாது. பெயரை வாங்கியிருந்தால் ராஜம்மையின் ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கப் போவதில்லை. வாங்காததால் கூடப் போவதும் இல்லை. கல்லைத் திறந்துவிட்டார்கள். மாலை போட்ட படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மா பார்த்துவிட்டுப் போனை என்னிடமே திருப்பித் தந்தார்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஜீப் வாடகையைக் குலசேகரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள், மேலே போய்ப் பேசினால் இரண்டாயிரத்தைத் தாண்டும். சோதனைச் சாவடி மாலை ஐந்துக்கு மூடிவிடும். சாப்பாடு மேலே கிடையாது. கழிப்பறை அணைக்கட்டில் மட்டும்தான். ஜூனிலிருந்து நவம்பர் வரை அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புக்குப் போனால் கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். நினைவுக்கல்லைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சில் போய் அந்தச் சானலைப் பாருங்கள். துரை பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. மிக்கேலின் கள்ளச்சானல் எங்கே என்று கேளுங்கள், கைகாட்டுவார்கள். சக்கரம் நின்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சானல் நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் இன்றைக்கும் எஸ்டேட்டின் ஷீட் அடிக்கும் தொட்டிக்குத்தான் போகிறது. அடைத்தால் கேஸ் போடுவார்களாம். பத்தடி தள்ளி ஓடை காய்ந்து கிடக்க, சானலில் கணுக்கால் அளவுத் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. அதன் சரிவு அவ்வளவு கணக்காக இருக்கிறது, விழுந்த இலை ஓர் இடத்தில் நிற்காமல் போகிறது. நான் முழு நீளமும் நடந்து பார்த்தேன். இத்தனை மழை பார்த்தும் ஒரு கல் பெயரவில்லை, ஓர் இடத்தில் கசிவில்லை. என் பாட்டா ரொம்ப நல்ல வேலைக்காரர்.